108-ஐ அழுத்தினா யார் எடுப்பாங்க?



எலெக்ட்ரானிக்ஸ் படிச்ச ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சாபம் உண்டு. சொந்தக்காரங்க வீட்ல மிக்ஸி ஓடலையா, கூப்பிடு அவனை. டி.வி.யில படம் வரலையா, கூப்பிடு அவனை. 'நான் படிச்சது சிக்னல் பிராசஸிங் அத்தை'ன்னு சொன்னா, 'அதான்டா, சிக்னல்தான் வரமாட்டேங்குது'ன்னு பதில் வரும். என்னத்தச் சொல்ல!

அப்படித்தான் போன வருஷம் சித்திரை வெயில்ல திருத்தணியிலேர்ந்து மாமா கூப்பிட்டார். "மாப்ள, பில்டிங் பூச்சு வேலை வரைக்கும் வந்துடுச்சு. ஒரு இன்டர்காம் வைக்கணும். ஆளாளுக்கு ஒரு ரேட்டு சொல்றானுங்க. நீ வந்து பாத்துச் சொல்லிட்டுப் போயேன். அப்படியே மலைக்கும் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்."

சென்ட்ரல்ல அரக்கோணம் வழியா போற ரயிலைப் பிடிச்சு இறங்கினா... அப்பா, என்னா வெயில்! தமிழ்நாட்டுல எங்கெல்லாம் 100 டிகிரி தாண்டுச்சுன்னு டி.வி.யில படிக்கிற லிஸ்ட்ல வேலூர் பக்கத்துல திருத்தணி பேரும் தவறாம இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? இந்த வெயில் மேட்டரை ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்புறமா வரும்.

மாமாவோட பில்டிங் இதுதான்: கீழே மூணு கடை, ஒரு மெஸ். முதல் மாடியில 12 ரூம், ரெண்டாவது மாடியில 12 ரூம், எல்லாம் மலைக்கு வர்றவங்க தங்கறதுக்கு. மூணாவது மாடியில ரெண்டு ஆபீஸ். ஒரு லிஃப்ட். நைட்டுக்கு ஒரு வாட்ச்மேன். அவர் நகரி பக்கத்துக்காரர். நம்ம கேள்விக்குத் தமிழ்ல ஆரம்பிச்சு தெலுங்குல முடிப்பார். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவுல இருந்த ஊராச்சே, இன்னிக்கும் கடைத்தெருவுல ரெண்டு பாஷையும் ஒரே வாக்கியத்துல வரும்!

மாமா பையன் பி.காம் ரெண்டாவது வருஷம். பார்த்த உடனே கேட்டான்: "எல்லார் கையிலயும் செல்லு இருக்கு. இன்டர்காம்லாம் எந்தக் காலம்ணா?"

நியாயமான கேள்வி. நீங்களும் அதைத்தான் நினைச்சிருப்பீங்க. ஆனா ஆடிக் கிருத்திகை அன்னிக்குத் திருத்தணிக்குப் போயிருக்கீங்களா? காவடி, மொட்டை, பம்பை சத்தம்... லட்சக்கணக்குல ஜனம். அத்தனை பேர் பாக்கெட்லயும் போன். செல்போன் டவர்ங்கறது ஷேர் ஆட்டோ மாதிரிதான் பாஸ். ஒரே நேரத்துல இத்தனை பேர்தான் ஏறலாம்னு கணக்கு உண்டு. மிச்சப் பேர் 'நெட்வொர்க் பிஸி'யைக் கேட்டுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். டிசம்பர் 31 ராத்திரி 365 படிக்கும் பூஜை பண்ற படித் திருவிழா அன்னிக்கும் இதே கதைதான். லாட்ஜ் ஃபுல்லா இருக்கற, ஆபத்து நடக்க அதிகம் வாய்ப்பு இருக்கற அந்த ரெண்டு நாள்லதான் செல் காலை வாரும். தம்பி வாயை மூடிக்கிட்டான்.

மாமா மூணு கொட்டேஷனை எடுத்து நீட்டினார்.

முதல் ஆள் சொன்னது வயர்லெஸ் காலிங் பெல். ரூமுக்கு ஒரு பட்டன், ரிசப்ஷன்ல ஒரு டிஸ்ப்ளே. பட்டனை அழுத்தினா ரூம் நம்பர் எரியும். ஒயரே வேணாம், விலையும் ரொம்பக் கம்மி. மாமா ஏறக்குறைய அட்வான்ஸ் கொடுக்கற நிலைமையில இருந்தார். நான்தான் ஒரு செட்டை வாங்கிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முதல் மாடியிலேர்ந்து சுத்தமா வேலை செஞ்சுது. ரெண்டாவது மாடி கடைசி ரூம்லேர்ந்து நாலு தடவை அழுத்தினா ஒரு தடவை வந்துது. நடுவுல ரெண்டு கான்கிரீட் தளம், லிஃப்ட்டோட இரும்புக் கூண்டு. 433 மெகாஹெர்ட்ஸ்ல துளியூண்டு பவர்ல பேசற பட்டன் பாவம் என்ன செய்யும்? இன்னொண்ணு, அந்த பட்டனுக்குள்ள இருக்கறது சுண்டு விரல் நுனி சைஸ் பேட்டரி. அது செத்துப்போனா யாருக்கும் தெரியாது. அழுத்தற கெஸ்ட்டுக்கும் தெரியாது! 'வர்றாங்க'ன்னு நம்பிக் காத்துக்கிட்டிருப்பார். ஹோட்டல் டேபிள்ல வெயிட்டரைக் கூப்பிட, டாக்டர் ரூம்லேர்ந்து அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட இந்த ஐட்டம் அருமை. மூணு மாடிக்கு ம்ஹூம்.

தம்பி நடுவுல ஆன்லைன்ல வாக்கி டாக்கி காட்டினான். செம ஸ்டைலாத்தான் இருந்துது. ஆனா இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தணும்னா 446.0-லேர்ந்து 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள்ள வேலை செய்யற குறைஞ்ச பவர் செட்டா இருக்கணும். 2018-ல வந்த விதி. இந்த விவரமே போடாம வித்ததுக்காக 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பினது ஞாபகம் இருக்கலாம். வாட்ச்மேனுக்கும் மெஸ்ஸுக்கும் ஒரு ஜோடி வெச்சுக்கலாம். ரூம் ரூமா கொடுக்கவா முடியும்? சாயங்காலம் செக்-அவுட்ல எண்ணிப் பார்த்தா பாதிதான் மிஞ்சும்!

ரெண்டாவது ஆள் சென்னையிலேர்ந்து வந்தவர். டை கட்டிக்கிட்டு. எல்லாமே ஐ.பி. போன், லிஃப்ட்ல வீடியோ, மொபைல்ல ஆப். நல்ல டெக்னாலஜிதான், குறை சொல்ல மாட்டேன். ஏற்கெனவே கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஒயர் இழுத்திருக்கற ஆபீஸா இருந்தா நானே அதைத்தான் சொல்லுவேன். ஆனா இங்கே ரூமுக்கு ஒரு நெட்வொர்க் கேபிள், மாடிக்கு ஒரு ஸ்விட்ச், ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் யு.பி.எஸ்., போன் ஒவ்வொண்ணும் சாதா போனைப் போல சில மடங்கு விலை. எல்லாத்துக்கும் மேல, ஏதாவது ஒண்ணு மக்கர் பண்ணினா ஆள் சென்னையிலேர்ந்து வரணும். எண்பது கிலோமீட்டருக்கு மேல. கிருத்திகை கூட்டத்துல அவர் வந்து சேர்றதுக்குள்ள தெப்பத் திருவிழாவே முடிஞ்சிடும்.

மூணாவது கொட்டேஷன் லோக்கல் கடைக்காரருடையது. ஒரு பழைய பில்லோட பின்பக்கத்துல பால்பாயின்ட் பேனாவுல எழுதியிருந்தார். '32 லைன் இ.பி.ஏ.பி.எக்ஸ்., போன், ஒயர், கூலி.' அவ்வளவுதான். மாமாவுக்கு அதைப் பார்த்தாலே இளக்காரம். எனக்கு அதுதான் பிடிச்சுது.

ஏன்னு சொல்றேன். இ.பி.ஏ.பி.எக்ஸ்.ங்கறது வேற ஒண்ணுமில்ல, சுவத்துல மாட்டற குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். நீங்க அடிக்கிற நம்பரைப் பார்த்து அதுவே லைனைச் சேர்த்துவிடும். இந்த 'அதுவே'ங்கற விஷயத்தைக் கண்டுபிடிச்சவர் அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டியில பொணம் அடக்கம் பண்ற தொழில் செஞ்ச ஆல்மன் ஸ்ட்ரௌஜர். எக்ஸ்சேஞ்ச்ல உட்கார்ந்து லைன் போடற அம்மா, தனக்கு வர்ற கால்களையெல்லாம் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடறாங்கன்னு அவருக்கு சந்தேகமாம். ஆளே இல்லாம லைன் சேரணும்னு உட்கார்ந்து யோசிச்சு, 1891-ல பேட்டன்ட் வாங்கிட்டார். கோவத்துல பொறந்த கண்டுபிடிப்பு!

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு வெயில் கதை இருக்கு. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்கள் ஏ.சி. ரூம் கேக்கும். கிராமத்துல ஏ.சி.க்கு எங்கே போறது, கரன்ட்டே நிக்காது. 1984-ல ஆரம்பிச்ச சி-டாட், ஏ.சி. இல்லாம நம்ம சூட்டையும் தூசியையும் தாங்கற கிராமத்து எக்ஸ்சேஞ்சை டிசைன் பண்ணுச்சு. அதுல முதலாவதை 1986-ல கர்நாடகாவுல கிட்டூர்ல வெச்சாங்க. 128 லைன். மொட்டை மாடி சூடு நேரா இறங்கற திருத்தணி பில்டிங்ல நாம பார்க்க வேண்டியதும் அதேதான். 'பெட்டி ஏ.சி. கேக்குமா? எவ்வளவு டிகிரி வரைக்கும் தாங்கும்?'னு கடைக்காரர்கிட்ட முதல்ல இதைக் கேளுங்க. காட்டலாக்லயே போட்டிருக்கும்.

அப்புறம் கரன்ட். சாதா போனுக்குத் தனியா பிளக் கிடையாது. பேசற அந்த ரெண்டு செம்புக் கம்பி வழியாவே பெட்டியிலேர்ந்து கரன்ட் போயிடும். ஆக, பெட்டிக்கு ஒரே ஒரு யு.பி.எஸ். வெச்சா 30 போனும் உயிரோட இருக்கும். (மணி அடிக்கும்போது மட்டும் அந்தக் கம்பியை வெறுங்கையால பிடிச்சுடாதீங்க. சுமார் 75 வோல்ட் ஏ.சி. வரும். ஃபர்ஸ்ட் இயர் லேப்ல நான் பிடிச்சிருக்கேன். சிரிக்காதீங்க.)

ஒரு பேப்பரை எடுத்து, எந்த போன் எதைக் கூப்பிடும்னு கோடு போட்டுப் பார்த்தோம். ரூம் 24, ரிசப்ஷன், மெஸ், வாட்ச்மேன், லிஃப்ட், ஆபீஸ் ரெண்டு. மொத்தம் 30. கடைக்காரங்களுக்கு வேணாம், அவங்க 'டேய்'னாலே மூணு மாடிக்கும் கேக்கும். 32 லைன் பெட்டியில ரெண்டு மிச்சம். கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடியே இந்தக் கோட்டை எல்லாரும் போடணும். கோடு போடாதவங்கதான் 64 லைன் பெட்டியை வாங்கி அதுல பாதியைத் தூசிக்கு வாடகை விடறாங்க.

பூச்சு வேலை முடியாதது எங்க அதிர்ஷ்டம். சுவத்தை உடைக்காம பைப் போட முடிஞ்சுது. ரூமுக்கு ஒரு ஜோடிக் கம்பி போதும், ரெண்டு ஜோடி இழுக்கச் சொன்னேன். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு. அப்போ ஆகற செலவு டீக்காசு, பின்னாடின்னா டைல்ஸை உடைக்கணும். லைட் ஒயர் போற பைப்லயே இதையும் திணிக்கப் பார்த்தார் எலெக்ட்ரீஷியன். கூடாதுங்க! போன்ல 'ஊஊம்'னு இரைச்சல் வரும்ங்கறது ஒரு பக்கம், 230 வோல்ட் கசிஞ்சு போனுக்கு வந்தா உயிருக்கே ஆபத்து. லிஃப்ட் வைக்கறவர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லிடணும். கூண்டோட ஏறி இறங்கற கேபிள்லயே போனுக்கு ஒரு ஜோடி சேர்த்துக் கொடுக்கச் சொல்லி. அப்புறமா சொன்னா தலையைச் சொறிவாங்க.

இது வரைக்கும் எல்லாம் சுபம். ஆனி மாசக் கடைசியில பெட்டி மாட்டியாச்சு, போன் எல்லாம் வந்தாச்சு. ஒரு ராத்திரி நானும் தம்பியும் டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தோம். தம்பி 103-ல, நான் ரிசப்ஷன்ல. ரூம் நம்பரேதான் இன்டர்காம் நம்பர். 201 அடிச்சா 201. எவ்வளவு ஈஸி! தம்பி வரிசையா அடிச்சுக்கிட்டே வந்தான். 108 அடிச்சான். 108-ஆம் ரூம்ல அன்னிக்குப் பெயின்ட்டர் ஒருத்தர் தூங்கிக்கிட்டிருந்தார். "யாருங்க இந்நேரத்துல?"ன்னு ஒரே திட்டு. தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். நானும்தான்.

சிரிச்சு முடிச்ச அப்புறம்தான் உறைச்சுது. நெஞ்சு வலின்னு ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு 108 அடிச்சா? ஆம்புலன்ஸ் வராது. பெயின்ட்டர்தான் எடுப்பார்! ரூம் காலியா இருந்தா அதுவும் இல்ல. மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். 101 தீயணைப்பு. 112 எல்லா அவசரத்துக்கும். மாமாவோட முதல் மாடி ரூம்கள் 101-லேர்ந்து 112 வரைக்கும். ரிசப்ஷன் நம்பர் என்ன தெரியுமா? 100. போலீஸ்! நாலு அவசர நம்பரையும் ஒரே வராந்தாவுல அடைச்சு வெச்சுட்டோம்.

இது என் கற்பனைப் பயம் இல்ல பாஸ். 2013 டிசம்பர்ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் மார்ஷல்ங்கற ஊர்ல ஒரு ஓட்டல் ரூம்ல கேரி ஹன்ட்டுங்கற பெண்ணைப் பிரிஞ்சிருந்த கணவரே தாக்கினார். கூட இருந்த 9 வயசு மகள், சொல்லிக் கொடுத்த மாதிரியே போனை எடுத்து 911 அடிச்சா. ஒரு தடவை இல்ல, நாலு தடவை. லைன் போகவே இல்ல. அந்த ஓட்டல் போன்ல வெளி லைனுக்கு முன்னாடி ஒரு 9 போடணும். குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அம்மா இறந்துபோயிட்டாங்க. கேரியோட அப்பா ஹாங்க் ஹன்ட் விடாம போராடினார். 2018-ல சட்டமே வந்துது. பேரே 'கேரி சட்டம்'. 2020 பிப்ரவரி 16-க்கு அப்புறம் அங்கே விக்கிற, மாட்டற எந்த இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச்லயும் முன்னாடி எந்த நம்பரும் போடாம நேரா 911 போயாகணும். கூடவே, அந்த பில்டிங்கிலேயோ வேற இடத்துலயோ இருக்கற பொறுப்பான ஒருத்தருக்கு '911 கூப்பிட்டிருக்காங்க'ன்னு தகவலும் போகணும்.

நம்ம பெட்டியிலயும் வெளி லைனுக்கு 0 போடணும். '0 போட்டுட்டு 108'னு ரூம்ல எழுதி ஒட்டிடலாம்னார் கடைக்காரர். மூச்சு முட்டறவர் ஸ்டிக்கரைத் தேடிப் படிப்பாரா?

காலையில மாமாகிட்ட சொன்னேன்: "ரூம் நம்பரை மாத்திடலாம் மாமா."

"வெளையாடறியா? பித்தளை நம்பர் பிளேட்டெல்லாம் அடிச்சு வந்தாச்சு. அதுவும் 108-ஐ மாத்தறதா? மலைக்கு வர்றவன் அந்த ரூம்தான் வேணும்னு கேட்டு வாங்குவான்யா!"

அவர் சொல்றதும் சரிதான். கோயில் ஊர்ல 108-ஐவிட ராசியான நம்பர் எது? சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டே திரிஞ்சோம். கடைசியில வழி மெனுவல்லயே இருந்துது. கதவுல இருக்கற நம்பரும் போனோட நம்பரும் ஒண்ணா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. ரூமைக் கூப்பிட முன்னாடி ஒரு 5. கதவுல 108, போன்ல 5108. ரிசப்ஷனுக்கு 9. யாரு எந்த போன்லேர்ந்து 100, 101, 108, 112 அடிச்சாலும் பெட்டி அதுவே வெளி லைனைப் பிடிச்சு அனுப்பும், கூடவே ரிசப்ஷன்லயும் மணி அடிக்கும். செலவு? ஜீரோ. லோக்கல் கடைக்காரர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து புரோகிராம் போட்டார், அவ்வளவுதான். எல்லாப் பெட்டியிலயும் இது வராது. அதனால வாங்கறதுக்கு முன்னாடியே 'சைபர் போடாம 108 போகுமா?'ன்னு கேளுங்க. 'அதெல்லாம் பாத்துக்கலாம்'னு பதில் வந்தா நடையைக் கட்டுங்க. (டெஸ்ட்டுக்காக நிஜ 108-ஐக் கூப்பிட்டு அவங்க நேரத்தை வீணாக்காதீங்க. தற்காலிகமா அந்த நம்பர் அடிச்சா என் செல்லுக்கு வர்ற மாதிரி மாத்தித்தான் நாங்க சோதிச்சோம்.)

வெளி லைனுக்கு ஒண்ணு லேண்ட்லைன், ஒண்ணு சிம் போடற பெட்டி. கிருத்திகை அன்னிக்கு சிம் கவுத்தும்னு தெரியுமே, அதனால லேண்ட்லைன்தான் முதல்ல. சிம்முக்கு ரீசார்ஜ் தேதியைக் காலண்டர்ல மாமா சிவப்பு மையில எழுதி வெச்சிருக்கார்.

லிஃப்ட்டுக்கும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் 12 ராத்திரி திண்டுக்கல்லுல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில தீப்பிடிச்சப்போ 6 பேர் இறந்தாங்க, ஒரு சின்னக் குழந்தை உள்பட. லிஃப்ட்டுக்குள்ள மயங்கிக் கிடந்த நிலையிலதான் அவங்களைக் கண்டுபிடிச்சாங்க. தீயின்னா லிஃப்ட்ல ஏறவே கூடாதுங்கறது நமக்குத் தெரியும். பதற்றத்துல ஏறினவங்களும், கரன்ட் போய் மாட்டினவங்களும் வெளியில யாரையாவது எட்டணுமே? பல பில்டிங்ல லிஃப்ட் அலாரம் அந்தக் கூண்டுக்குப் பக்கத்துலயே அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுடும். நாங்க வெச்சது நம்பரே இல்லாத போன். எடுத்தாலே ரிசப்ஷன்ல அடிக்கும். 20 செகண்ட்ல யாரும் எடுக்கலைன்னா வாட்ச்மேனுக்கு, அப்புறம் மாமா வீட்டுக்கு. மாமா வீட்டுக்கு ஏன்னா, ராத்திரி ரிசப்ஷன் பையன் பின்னால போய்ப் படுத்துடுவான். 17 வயசுல நான் ஒரு கடையில நைட் டியூட்டி பார்த்தப்போ அதேதான் செஞ்சேன். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல. அதனால ராத்திரி பத்து மணிக்கு மேல ரிசப்ஷன் போனோட சேர்ந்து பெரிய மணி ஒண்ணும் அடிக்கிற மாதிரி வெச்சாச்சு.

காசு கொடுத்து செட்டில் பண்றப்போ மறக்காம ரெண்டு விஷயம் வாங்கிக்கோங்க: பெட்டியோட புரோகிராம் பாஸ்வேர்டு, எந்த ஜோடிக் கம்பி எந்த ரூமுக்குப் போகுதுங்கற சார்ட். சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்து பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. இல்லைன்னா அந்த ஒரே ஆளையே ஆயுசுக்கும் தேடிப் போகணும்.

ஆடிக் கிருத்திகை அன்னிக்கு நான் ரிசப்ஷன்லயே உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கெல்லாம் செல்போன் எல்லாம் சுத்தமா ஊமை. இன்டர்காம் மட்டும் விடாம அடிச்சுது. அத்தனையும் அவசரமான்னு கேக்காதீங்க. முக்கால்வாசி வெந்நீர்தான்! புத்தூர்லேர்ந்து வந்திருந்த பாட்டி ஒருத்தங்க "வேடி நீள்ளு, வேடி நீள்ளு"ன்னு சொல்ல, திருவண்ணாமலைப் பக்கத்துப் புது ரூம் பாய்க்கு 'வெடி'ன்னு காதுல விழுந்து, பையன் வெளிறிப்போய் வாட்ச்மேன்கிட்ட ஓடினான். அன்னிக்கு சாயங்காலமே ரிசப்ஷன் மேஜையில ஒரு பேப்பர் ஒட்டினோம். பத்துத் தெலுங்கு வார்த்தை, தமிழ் எழுத்துல, பக்கத்துல அர்த்தம். வாட்ச்மேன்தான் சொல்லச் சொல்ல எழுதினது. முதல் வார்த்தை வெந்நீர். ரெண்டாவது, நெஞ்சு வலி.

108-ஆம் ரூம் அன்னிக்கும் ஃபுல். அடுத்த கிருத்திகைக்கும் இப்பவே புக் ஆயிடுச்சாம்.